கொட்டாவி விடாத பெட்டி

தண்ணீர் லாரியிலிருந்து ரேடியோவைக் கழற்றச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பியபோது, வயர்காரர் பட்டறையில் கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக அந்த உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கழற்றிய பெட்டியைப் புதிதாக வந்திருக்கும் தண்ணீர் லாரியில் பொருத்த வேண்டும். அதற்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்த்து, பழுது இருக்கிறதா இல்லையா என்று ஒரு பக்கம் எழுதி, வியாழக்கிழமை விசாரணைக்குக் கொடுக்க வேண்டும்.

"உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொல்லிவிட்டு வந்தவன் போய்விட்டான்.

மலை உச்சியில் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்கள். அடிவாரத்தில் ஆலை. நடுவே பதினான்கு கிலோமீட்டர் மண் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் போக முடியும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே அகலமாக வெட்டி விட்டிருக்கிறார்கள். யார் எங்கே ஒதுங்குவது என்பது ரேடியோவில் தீர்மானமாகும். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போதும் டிரைவர் மைக்கை எடுத்து, கல்லின் எண்ணையும் வண்டி சுமையா காலியா என்பதையும் சொல்ல வேண்டும். "ஒன்பது, சுமை, கீழே." "மூணு, காலி, மேலே." இதற்குக் கல் சொல்வது என்று பெயர். சுமைக்கு வழிவிட வேண்டியது காலியின் கடமை. கல் சொல்லாமல் ஓட்டுகிறவனோடு மற்றவர்கள் டீ குடிக்கமாட்டார்கள்.

அந்த மலையில் ஓடும் இருபத்துமூன்று வண்டிகளிலும் ரேடியோ பொருத்தியவர் வயர்காரர்தான். வேலையில் அவர் கறார். கரண்ட்டைச் சாவித் துவாரத்திலிருந்து எடுக்கமாட்டார். நேராக பேட்டரியிலிருந்துதான் எடுப்பார், எடுத்த இடத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுவார். என்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் வைக்காமல் வயரை நுழைக்கமாட்டார், தகரம் உரசி உரசி ஒருநாள் வயரை அறுத்துவிடும் என்பார். ஆன்டெனாவைக் கூரையின் நட்டநடுவில்தான் நிறுத்துவார். புது டிரைவர் வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டனை அமுக்கு, ஒரு மூச்சு விடு, அப்புறம் பேசு, பேசி முடித்ததும் கையை எடு, எடுத்தால்தான் அடுத்தவன் குரல் உனக்குக் கேட்கும், மைக்கைக் கொக்கியில் மாட்டு என்று பாடம் எடுப்பார். மைக்கை சீட்டில் போடாதே என்பதை மட்டும் மூன்று முறை சொல்வார்.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினால் 'பீ...ப்' என்று நீளமாக இழுத்துவிட்டுத் தானாக அடங்கிவிடும். டிரைவர்கள் அதைக் கொட்டாவி என்பார்கள். நாம் அறுக்கிற அறுவையில் பெட்டிக்கே தூக்கம் வந்துவிடுகிறது என்று ஆரம்பத்தில் யாரோ சொன்ன கிண்டல் அப்படியே பேராகிவிட்டது. சூடு ஏறினால் பெட்டி அப்படிச் செய்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பெட்டிக்குள் எழுதிவைத்த கணக்கு என்பதும், ஒரு கேபிளைச் செருகிக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கை மாற்றலாம் என்பதும் மலையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்தக் கேபிள் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது.

தண்ணீர் லாரி ஓட்டியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. மைனா என்றால்தான் மலையில் தெரியும். பாதையில் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே மேலும் கீழும் போய்வருவது அவன் வேலை. கூடவே வாய் ஓயாமல் பேசுவதும். கல் சொல்லிவிட்டு அதோடு ஒரு கதையை ஒட்டவைப்பான். கேண்டீன்காரர் டீயில் தூள் போட மறந்த கதை, மேனேஜர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன கதை. தூக்கக் கலக்கத்தில் வண்டி இறக்குகிறவர்கள் அவன் குரலைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள். ஆனால் கதையில் சிரிப்பு வரும் இடம் வரும்போது சரியாகப் பெட்டி கொட்டாவி விட்டுவிடும்.

"அத்தான், இந்தப் பெட்டி என் வாயை அடைக்குது. கேக்குறவங்க எல்லாம் அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு அரிக்கிறாங்க. ஏதாவது பண்ணுங்களேன்" என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து நின்றான்.

மனைவியின் தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இதுநாள்வரை தனக்கென்று எதையும் கேட்டவனில்லை. வயர்காரர் இரண்டு வசவு வைதார், பிறகு கேபிளை எடுத்தார். அறுபது என்று இருந்த இடத்தில் 'இல்லை' என்று மாற்ற டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து மைனாவின் பெட்டி கொட்டாவி விடவில்லை.

வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பழைய பெட்டி உண்டு. அதில் கேட்க மட்டும்தான் முடியும். மனைவி சமைத்துக்கொண்டே தம்பியின் கதைகளைக் கேட்பாள். மற்றவர்கள் பெட்டியெல்லாம் பாதியில் இழுத்துக்கொண்டு நின்றுவிட, தம்பியுடையது மட்டும் நிற்காததில் அவளுக்கு ஏகப் பெருமை. "என் தம்பி பேசினா பெட்டிகூடக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். அப்போது அதைக் கேட்டு வயர்காரரும் சிரித்தார்.

மூன்று வாரத்துக்கு முன் மைனா காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினான். அக்கா வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சோறு கூடுதலாக வைத்து, முட்டை வறுத்து, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பக்கத்து சீட்டில் வைத்தான். மைக்கையும் கல் சொல்லிவிட்டு, எப்போதும்போல, சீட்டில் போட்டான். மேலே ஏறும்போது நான்காம் கல் வளைவில் டப்பா சரிந்து மைக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, பட்டன் அமுங்கியது.

பட்டன் அமுங்கிய வண்டிக்கு யார் குரலும் கேட்காது. மற்ற யாரும் பேசவும் முடியாது. அவர்களுக்கெல்லாம் அந்த ஒரு வண்டிதான் கேட்டுக்கொண்டிருக்கும். மைனா பாடிக்கொண்டு போனான். ஏதோ பழைய பாட்டு, வரி தெரியாத இடங்களில் சீட்டி அடித்தான். மலையிலிருந்த அத்தனை வண்டிகளிலும், ஆலை அலுவலகத்திலும், பட்டறையில் வயர்காரர் மேசையிலும், சமையலறை அலமாரியிலும் அந்தப் பாட்டு பதினொரு நிமிடம் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மைனா யோசிக்கவில்லை. பாதை காலி என்று நினைத்தான்.

மேலே எட்டாம் கல்லுக்கும் ஏழாம் கல்லுக்கும் நடுவே வாத்தியார் சுமையோடு இறங்கிக்கொண்டிருந்தார். அவரும் டிரைவர்தான். மற்றவர்கள் கல்லைத் தப்பாகச் சொன்னால் திருத்துவார் என்பதால் அந்தப் பேர். ஒதுங்குகிற இடம் ஏழாம் கல்லில்தான் இருந்தது. அந்தச் சரிவில் சுமை வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்து வந்திருக்கிறார். தண்ணீர் லாரியில் பம்ப் ஓடுகிற இரைச்சல், தூசிக்காகக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டிருந்தான், ஹார்ன் கேட்கவில்லை. வளைவில் இரண்டும் நேருக்கு நேர் வந்தன. நேராக வந்திருந்தால் தண்ணீர் லாரி பள்ளத்துக்குப் போயிருக்கும். வாத்தியார் பாறைப் பக்கம் ஒடித்தார். லாரி சாய்ந்து, சுமைக் கல் எல்லாம் அவர் இருந்த முன்பக்கம் வந்து விழுந்தது.

அதன்பிறகு கேட்டதை யாராலும் மறக்க முடியவில்லை. பாட்டு நின்றது. கதவு திறந்தது. தூரத்தில் மைனா, "அண்ணே, கதவைத் திறங்கண்ணே, அண்ணே, ஒரு வார்த்தை பேசுங்கண்ணே" என்று கத்திக்கொண்டிருந்தான். யாராலும் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. திரும்ப ஓடிவந்து, உதவி கேட்க மைக்கைத் தேடி, டப்பாவைத் தூக்கினான். அந்த நொடியில் இருபது பேர் குரலும் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுந்தது.

மைனாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதிலிருந்து அவன் பேச்சும் நின்றுவிட்டது. கேட்டால் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான்.

தண்ணீர் லாரி பூட்டிய கொட்டகையில் நின்றது. வயர்காரர் கதவைத் திறந்ததும் உள்ளே ஈரமும் புழுதியும் சேர்ந்த வாடை அடித்தது. மைக் கொக்கி அவர் மாட்டிய இடத்திலேயே, ஒரு தேய்மானமும் இல்லாமல், புதிதுபோல் மின்னியது. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் அதில் மைக்கை மாட்டியதில்லை என்று தெரிந்தது. முதலில் பேட்டரியில் ஃபியூஸை உருவினார். பிறகு பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் நான்கு திருகுகளைக் கழற்றி, ஆன்டெனா வயரைத் திருகி எடுத்து, பெட்டியைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கேபிளைச் செருகினார். திரையில் பேசும் நேரத்துக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொரு முறை படித்தார்.

அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். இறந்துபோன கணவரின் சாமான்களை வாங்கிப்போக அலுவலகத்துக்கு வந்தவள், கையில் ஒரு பையோடு இருந்தாள். வயர்காரர் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, ஆபீஸ்ல அவர் கல் சொல்லலைன்னு எழுதியிருக்காங்க. யாரும் கேக்கலையாம். அதனால சொல்லலையாம்."

"சொல்லியிருப்பாரும்மா. அவர் சொல்லாம இருக்கமாட்டார்."

"நீங்க கேட்டீங்களா?"

வயர்காரர் இல்லையென்று தலையசைத்தார்.

"அந்தப் பையன் பாடினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அது எந்தப் பெட்டி என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. "வீட்ல ஒரு கதவைத் திறந்தாக்கூட, திறக்குறேன்னு சொல்லிட்டுத் திறக்கிற மனுஷன்" என்றாள். பிறகு பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு நிமிடத்தில் அந்தப் பெட்டி அடங்கியிருந்தால் வாத்தியார் குரல் மலை முழுக்கக் கேட்டிருக்கும், மைனாவுக்கும் கேட்டிருக்கும் என்பதை வயர்காரர் அவளிடம் சொல்லவில்லை. அவர் தன்னை அந்த நேரத்தில் மிகவும் வெறுத்தார்.

தாடி என்ற டிரைவர், வாத்தியாரின் நெருங்கிய கூட்டாளி, அன்று மதியமே பிடித்துக்கொண்டார். "ஏன் வயர்காரரே, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நாங்க ரெண்டு வார்த்தை கூடப் பேசினா கொட்டாவி விடுற பெட்டி, பதினொரு நிமிஷம் அவன் பாடுறப்ப ஏன் விடல?" என்று கேட்டார். சூட்டைப் பொறுத்தது, சில பெட்டி அப்படி, சில பெட்டி இப்படி என்று வயர்காரர் மென்று விழுங்கினார். தாடி தன் தாடியைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் மனைவி மூன்று வாரமாக ஒரே வேண்டுதலோடு நடமாடினாள். வழக்கு என்ன ஆகும், வேலை என்ன ஆகும், இந்தக் கம்பெனி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு. தம்பி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். போலீஸ் திருப்பிக் கொடுத்த டப்பாவைத் தேய்த்துக் கழுவி, மேல் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதில் இனி எதையும் போடமாட்டாள், தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அலமாரியிலிருந்த பெட்டியை அன்றே அணைத்துவிட்டாள்.

"நான் சோறு கூட வச்சிருக்கக் கூடாதுங்க. கனம் இல்லைன்னா சரிஞ்சிருக்காது" என்று அன்று சாயங்காலமும் சொன்னாள். தினமும் ஒரு தடவை சொல்கிறாள். வயர்காரருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. "நீங்களாவது அவன்கிட்டப் பேசிப் பாருங்க. உங்களுக்குத்தான் அவன் பயப்படுவான்" என்றாள்.

பின்னறையில் மைனா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. வயர்காரர் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை கேப்பாங்கடா. என்ன சொல்லப்போற?"

கரகரத்த குரலில் பதில் வந்தது. "மைக்கை சீட்டுல போட்டேன். தப்பு என்னுதுதான்."

"ஏன் இவ்வளவு நேரம் அடங்காம இருந்துச்சுன்னு கேட்டா?"

மைனா திரும்பி அவரைப் பார்த்தான். கண் குழிந்து போயிருந்தது.

"கொட்டாவி..." என்று ஆரம்பித்தார் வயர்காரர்.

"எந்தக் கொட்டாவி, அத்தான்?" என்றான் மைனா. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதுமில்ல, நீங்க எதுவும் செஞ்சதுமில்ல. நாம ரெண்டு பேரும் போயிட்டா அக்கா எங்க போவா?" என்றவன் மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வயர்காரர் இதை எதிர்பார்த்துத்தான் உள்ளே போனாரா என்று அவருக்கே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. இறங்கியதே என்று அருவருப்பாகவும் இருந்தது. வெளியே வந்ததும் மனைவி ஆவலோடு பார்த்தாள். "பேசினானா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக 'இல்லை' என்பதை அறுபது ஆக்கினார். பிறகு ஒரு பக்கம் எழுதினார். பெட்டி நல்ல நிலையில் உள்ளது, அனைத்தும் முறைப்படி உள்ளன, பழுது ஏதுமில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பப் படித்தார். எழுதியதில் ஒரு வார்த்தைகூட அந்த நிமிடத்தில் பொய் இல்லை.

விசாரணை அரைமணி நேரத்தில் முடிந்தது. விசாரித்தவருக்கு லாரி தெரியும், ரேடியோ தெரியாது. பெட்டி நன்றாக இருந்தது, கொக்கி இருந்தது, டிரைவர் மைக்கை மாட்டவில்லை, கேட்டதற்கு அவனே தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான். மைனாவை வேலையை விட்டு எடுத்தார்கள், இனி அவன் எந்த வண்டியையும் தொடக் கூடாது என்றார்கள். போலீஸ் வழக்கு தனியாக நடக்கும், உள்ளே போக வேண்டியிருக்கும் என்று மேனேஜர் தணிந்த குரலில் சொன்னார். வாத்தியாரைப் பற்றி, கல் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்று ஒரு வரி சேர்ந்தது. அதைக் கேட்டுத் தாடி எழுந்து வெளியே போனார்.

அடுத்த திங்கட்கிழமை வயர்காரர் புதுத் தண்ணீர் லாரியில் பெட்டியைப் பொருத்தினார். கூரையில் துளை போட்டு ஆன்டெனாவை நிறுத்தினார். ரப்பர் வளையம் வைத்து வயரை நுழைத்தார். மைக் கொக்கியை இந்த முறை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே, கை தானாகப் போய் விழுகிற இடத்தில் திருகினார். எல்லாம் முடிந்து, ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புது டிரைவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பட்டனை அமுக்கி ஒரு மூச்சு விட்டார்.

"புதுத் தண்ணி லாரி, டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பத்துவரை எண்ணினார். கையை எடுக்க வேண்டிய இடம் அது. எடுக்கவில்லை. கொட்டாவி சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டுமே என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். மலை முழுக்க இப்போது அவர் குரல் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருக்கும். எதிர்ப்பேச்சு பேச யாராலும் முடியாது. பயந்த ஆளுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

"தாடி, கேட்டுக்கிட்டு இருக்கீங்களா" என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை. "அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் சரியா பதில் சொல்லல. வாத்தியார் கல் சொல்லித்தான் இருப்பார், அவர்மேல ஒரு தப்பும் இல்ல. மைனாவும்..." இங்கே எச்சில் விழுங்கினார், அதில் சில நொடிகள் போயின. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். மைனா வந்து நின்றது, வாயை அடைக்கிறது என்று சொன்னது, தான் திட்டியது. "அப்புறம் நான் என்ன பண்ணேன்னா, தாடி, நான் அந்தப் பெட்டியில..."

பீ...ப் என்று பெட்டி நீளமாக இழுத்துவிட்டு அடங்கியது.

"வயர்காரரே" என்று உடனே தாடியின் குரல் வந்தது. "பாதியில கொட்டாவி விட்டுருச்சு. பெட்டியில என்ன?"

கீழே நின்றவன் சிரித்தான். வயர்காரர் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அமுக்கினால் போதும். ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அதைச் சொல்ல ஒரு நிமிடம் தேவையில்லை.

"வயர்காரரே, கேக்குதா?"

அமுக்கினார். "ஒண்ணுமில்ல. டெஸ்ட்தான்" என்றார்.

பிறகு தூரத்தில் ஒருவர் கல் சொன்னார். ஆறு, சுமை, கீழே. வயர்காரர் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றார். மனைவி சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி பெட்டி யார் கைக்குப் போகுதுன்னு கேக்கணும்போல இருந்துச்சு. அதான் போட்டேன்" என்றாள். "தாடி என்னவோ கேட்டார். நீங்க பதில் சொல்லல."

"கொட்டாவி விட்டுருச்சு. அதுக்குள்ள மறந்துபோச்சு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது தம்பி பெட்டிதானே?"

"ஆமா."

"தம்பி பெட்டி கொட்டாவி விடாதே" என்றாள்.

அவள் அவரைப் பார்த்தாள். வயர்காரர் அலமாரிப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தார். அவள் மேல் தட்டிலிருந்த டப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அலமாரிப் பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு தட்டில் மட்டும் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

முதலில் அவள் ஏதோ கேட்பது கேட்டது. அதன்பிறகு மைனாவின் குரல் எழுந்தது. அவள் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்த அந்தக் குரல், முதலில் திக்கி, பிறகு நிற்காமல். என்ன சொல்கிறான் என்பது கதவுக்கு இந்தப் பக்கம் பிடிபடவில்லை. வயர்காரர் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமல் கையை இறக்கினார். மைனா ஒரு நிமிடத்துக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தான்.